கதிரேசன் பெயரில் அப்பாவின் முகம்

எல்லாம் என் வாயால் வந்த வினை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெர்வின் மேல் தப்பில்லை, கோகிலவாணி மேல் தப்பில்லை, அச்சகம் நடத்தும் தனசேகர் அண்ணன் மேல் தப்பே இல்லை. அவர் பாவம், நல்லது நினைத்துத்தான் செய்தார்.

நாங்கள் மூன்று பேரும் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறோம். ஒரு திரில்லர் படத்துக்கு டைட்டில் மட்டும் எடுத்துவர வேண்டும் என்பது இந்த செமஸ்டர் வேலை. படம் வேண்டாம், படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுமே, அந்த இரண்டு நிமிடம் மட்டும். வசனம் கூடாது. கம்ப்யூட்டரில் உருவாக்கிய முகம், உருவாக்கிய தெரு எதுவும் கூடாது. "பேரெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு வயித்தைக் கலக்கணும். அவ்வளவுதான்," என்றார் ஸ்ரீநிவாசராகவன் சார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வகுப்பில் திரையிட வேண்டும்.

மூன்று வாரம் எதுவும் தேறவில்லை. ஷெர்வின்தான் இயக்குநர். அவன் வரைந்து கொண்டுவந்ததில் முதல் வாரம் கத்தி, இரண்டாம் வாரம் ரத்தம், மூன்றாம் வாரம் கத்தியும் ரத்தமும். கோகிலவாணிக்குக் கேமரா. அவள் ஒவ்வொரு தாளையும் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எதுக்கு? தக்காளி சாஸ் வாங்கிட்டு நீயே எடுத்துக்கோ," என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கலையும் ஒலியும். அதாவது சாமான் சுமப்பது.

யோசனை வந்தது தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே. டீக்கடைச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஷெர்வின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு சொன்னான். விடியற்காலை. ஒருவன் தெருவில் நடக்கிறான். சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி. அடுத்த சுவரிலும் அதே முகம். அதற்கடுத்த சுவரிலும். ஒவ்வொரு போஸ்டரிலும் கீழே குடும்பத்தார் பெயர் வருகிற இடத்தில் படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்: ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம். அவன் வேகமாக நடக்கிறான், முகமும் விடாமல் வருகிறது. கடைசிப் போஸ்டரில் 'இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில்' என்ற வரி மட்டும் பெரிதாகிறது. படத்தின் பெயரே அதுதான்: 'மாலை நான்கு மணியளவில்'.

கோகிலவாணியே, "இத எடுக்கலாம்," என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்தால் பாதி மார்க் வந்த மாதிரி.

ஆனால் முகம் யாருடையது? ஷெர்வினின் மாமா ஒருவர் நடிக்கிறேன் என்று முதலில் தலையாட்டினார். எதற்கென்று தெரிந்ததும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். "எங்கப்பா படம்னா எங்கம்மா சர்ச்ல சொல்லி எனக்காக உபவாச ஜெபமே வெச்சுடுவாங்க மச்சான்," என்றான் ஷெர்வின். "எங்கப்பாவுக்கு ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட்டு," என்றாள் கோகிலவாணி. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கப்பா படத்த வெச்சுக்கங்க. எங்க வீட்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்க," என்றேன்.

எவ்வளவு பெரிய பொய். எங்கள் வீட்டில் பார்க்காத சகுனம் என்று ஒன்றுமே கிடையாது. எங்களுடையது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா தாமோதரன் காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வேலை பார்க்கிறார். ஒரு தடவை போனால் எட்டு நாள், பத்து நாள் கடலிலேயே தங்கல். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே போன் செத்துவிடும். அவர் கிளம்பின அன்று அம்மா வீடு பெருக்க மாட்டாள், தலைக்கு ஊற்ற மாட்டாள். அவர் எங்கே என்று யாராவது கேட்டால் 'போயிருக்கார்' என்று சொல்ல மாட்டாள், 'வந்துடுவார்' என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன், அப்பா கடலில் இருக்கிற வாரத்தில், அவர் முகத்தைச் சாவுப் போஸ்டருக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? மற்ற இருவரையும்விட நான் தைரியசாலி, படித்தவன், புதிய ஆள் என்று காட்ட வேண்டியிருந்தது. வேறு காரணமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படம் நன்றாக இருந்தது. போன வருடம் ஒளி பற்றிய பயிற்சிக்காக நான் எடுத்தது. அப்பா வலையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். வெயிலுக்குக் கண் இடுங்கியிருக்கிறது. முகத்தில் உப்பு காய்ந்த வரிகள் தெரிகின்றன. சார் அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றவுமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போஸ்டர் அடிக்கப் போனோம். முதல் இரண்டு அச்சகத்திலும் உண்மையைச் சொன்னோம். சாகாத ஆளுக்குச் சாவுப் போஸ்டர் அடிக்க மாட்டோம் என்று துரத்திவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் மூன்றாவது கடை தனசேகர் அண்ணனுடையது. அங்கே உள்ளே போவதற்கு முன்பே ஷெர்வின் என் காதில், "சோகமா மூஞ்ச வெச்சுக்கடா," என்றான்.

தனசேகர் அண்ணன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "யாரு தம்பி?"

"பெரியப்பாண்ணா. கதிரேசன்."

"நல்ல மொகம்," என்று உச்சுக் கொட்டினார். "அம்பதுக்குக் கீழ மெஷின் ஓட்ட முடியாது. கீழ யார் பேரும் போடலையா?"

"காலியா விட்டுடுங்கண்ணா," என்றேன். எங்கள் பெயர்களை எடிட்டிங்கில் அந்த இடத்தில் போட்டுக்கொள்வதாகத் திட்டம்.

"அதுவும் சரிதான். ஒருத்தர் பேரு வுட்டுப்போச்சுன்னா சாவு வூட்லயே சண்ட வந்துடுது." பென்சிலை எடுத்தார். "எந்த ஏரியா?"

என் வாய் தானாகத் திறந்து, "கீழ்க்கட்டளை," என்றது.

கல்லூரியில் யார் கேட்டாலும் நான் சொல்லும் ஊர் அது. குப்பம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கேள்விக்கு முன்னால் மூக்கு லேசாகச் சுருங்குவதும் தெரியும். கீழ்க்கட்டளை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. முழுப் பொய்யும் இல்லை. அம்மா தினமும் காலையில் அங்கே மார்க்கெட் எதிரில்தான் அன்னக்கூடையை இறக்கி மீன் விற்கிறாள். அம்மாவின் இடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஐம்பது போஸ்டர் ஒரு மணி நேரத்தில் சூடாக வந்தது. எங்களுக்கு இருபதே அதிகம். "மீதி உங்ககிட்டயே இருக்கட்டும்ணா," என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, "நீ ஒண்ணும் கவலப்படாத தம்பி. அத நான் பாத்துக்கறேன்," என்றார். பழைய பேப்பருக்குப் போடுவார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சனிக்கிழமை விடிவதற்குள் சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தெருவில் ஷெர்வினின் சித்தி வீடு இருக்கிறது. சுவருக்கு அவர்கள்தான் அனுமதி வாங்கித் தந்தார்கள். வாளியில் மைதாப் பசை கரைத்துப் பன்னிரண்டு போஸ்டர் ஒட்டினேன். அப்பாவின் நெற்றியில் பசைக் கையால் தேய்க்கும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இருட்டுதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

தெருச் சத்தங்களை என் போனில்தான் பதிவு செய்தோம். நடுவில் யாரும் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாதென்று அதை ஃப்ளைட் மோடில் போட்டேன். வாசல் தெளிக்கும் சத்தம், பால் வண்டி, தூரத்தில் ரயில் என்று எல்லாம் அழகாக விழுந்தன. போஸ்டர் துரத்தும் ஆளாக ஷெர்வினே நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். கோகிலவாணி ஒவ்வொரு தடவையும், "பயப்படு. வயித்து வலி மாதிரி நடக்காத," என்றாள். காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் போஸ்டர் முன் நின்று, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். "ரொம்ப நல்ல மனுஷர். பாத்திருக்கேன்," என்று எங்களிடம் சொல்லிவிட்டு நடந்தார். எங்கே பார்த்தாரோ, தெரியவில்லை. அவர் மூலை திரும்பியதும் ஷெர்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டரைக்கெல்லாம் வேலை முடிந்தது. போஸ்டர்களை ஈரத்துணி வைத்துக் கிழித்தேன். ஒவ்வொன்றாக எண்ணித்தான் கிழித்தேன், பன்னிரண்டு. சாமான்களைக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தபோது ஷெர்வின் நின்றான்.

"மச்சான், இங்கயும் ஒட்டினியா?"

மின்வாரியப் பெட்டியின் மேல் அப்பா இருந்தார். ஓரம் சுருங்காமல், ஒரு குமிழி இல்லாமல், தொழில் தெரிந்தவன் ஒட்டியது. நான் ஒட்டியது இல்லை.

பையைத் திறந்து எண்ணினேன். எட்டு இருந்தது. கிழித்தது பன்னிரண்டு, பையில் எட்டு. எங்கள் இருபது முடிந்துவிட்டது. கோகிலவாணி எதிர்ப்பக்கம் கை காட்டினாள். பஸ் நிறுத்தத்துத் தூணில் இன்னொன்று.

"டேய், இது நம்ம படத்த விடப் பயமா இருக்குடா. கோகி, கேமராவ எடு, சீக்கிரம்," என்றான் ஷெர்வின்.

"எடுத்தா உடைப்பேன்," என்றேன். நான் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. தனசேகர் அண்ணனைக் கூப்பிட ஃப்ளைட் மோடை எடுத்தேன். கூப்பிடுவதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. தவறிய அழைப்பு பற்றிய செய்திகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் அம்மா. பதினான்கு தடவை.

வியாபார நேரத்தில் அம்மா யாரையும் கூப்பிட மாட்டாள். கை ஈரமாக இருக்கும். நான் திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அடுத்து தனசேகர் அண்ணன் எண்ணைத் தேடி எடுத்துப் போட்டேன்.

"சொல்லு தம்பி. எல்லாம் நல்லபடியா ஆச்சா?" என்றார்.

"அண்ணா, மீதி போஸ்டர்..."

"அதெல்லாம் ஒட்டியாச்சுப்பா. சாவு வூட்டுக்காரங்களயே போஸ்டர் ஒட்ட வுடுவாங்களா? நம்ம ஆளு நாலு மணிக்கே கெளம்பிட்டான். போற வழியில சிட்லபாக்கத்துல நாலஞ்சு, மீதி பூரா உங்க ஏரியாதான். கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, ஒரு செவுரு வுடல. இதுக்கெல்லாம் துட்டு வாங்கற பழக்கம் நம்மகிட்ட கெடயாது தம்பி. நீ போயி வேலயப் பாரு."

நான் நன்றி சொன்னேன். சத்தியமாக, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

ஷெர்வினின் ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறினோம். அவன் ஓட்ட, நான் நடுவில், கோகிலவாணி கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். அஸ்தினாபுரம் தாண்டும்வரை அம்மா எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டேன். ஷெர்வின்தான், "எதுக்குடா இவ்ளோ டென்ஷன்? உங்க ஏரியால யாராவது கேட்டா ஷூட்டிங்னு சொல்லிடலாம். பேரு கூட வேறதானே?" என்றான்.

"அது எங்க ஏரியா இல்ல."

"பின்ன?"

"எங்க வீடு கோவளம் பக்கம், குப்பத்துல. எங்கம்மா கீழ்க்கட்டளை மார்க்கெட்ல மீன் விக்கறாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

ஸ்கூட்டர் கொஞ்சம் தடுமாறியது. பின்னாலிருந்து கோகிலவாணி மெதுவாக, "அப்பா எங்க?" என்று கேட்டாள்.

"கடல்ல. ஆறு நாளாச்சு. திங்கக்கிழமதான் வருவாங்க. போன் கிடைக்காது."

அதற்கப்புறம் ஷெர்வின் ஓட்டிய ஓட்டத்தில் நன்மங்கலத்தில் ஒரு வேகத்தடை மேல் மூன்று பேரும் எழும்பி விழுந்தோம். என் தலைக்குள் ஒரே கணக்கு ஓடியது. அம்மா ஏழு மணிக்கு வந்திருப்பாள். இப்போது ஒன்பது. புருஷன் செத்துப்போய்விட்டான் என்று இரண்டு மணி நேரமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைக் கூப்பிடுகிறாள், பிள்ளையும் இல்லை. தெருச் சத்தம் பதிவு செய்துகொண்டிருக்கிறான்.

கீழ்க்கட்டளை வந்ததுமே போஸ்டர்கள் கண்ணில் பட்டன. தனசேகர் அண்ணன் சொன்னது போல் ஒரு சுவர் விடவில்லை. ஆனால் மார்க்கெட்டை நெருங்க நெருங்க ஏதோ மாறியிருந்தது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து இருந்தது, கதிரேசன் என்ற பெயர் இருந்தது, ஊர்வல நேரம் இருந்தது. நடுவில் முகம் மட்டும் இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்த மாதிரி சுவர் தெரிந்தது.

அம்மாவின் இடத்தில் அம்மா இல்லை. அன்னக்கூடையில் சங்கரா மீன் அப்படியே இருந்தது. மேலே போட்ட பிளாஸ்டிக் தாளில் ஈ மொய்த்தது. அவள் போன் அருவாமனைக்குப் பக்கத்தில் கிடந்தது. பக்கத்துக் கூடைக்காரி பொன்னியம்மாள் என்னைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள். அவளும் எங்கள் குப்பம்தான்; எனக்குப் பெரியம்மா முறை.

"எங்கடா போய் தொலைஞ்ச? ஆத்தாக்காரி இங்க உசுர வுட்டுகினு கீறா!"

"அம்மா எங்க பெரிம்மா?"

"உங்க அப்பன் மூஞ்சிய வழிச்சி எடுத்துகினு கீறா, செவுரு செவுரா." அவள் மூச்சு வாங்கினாள். "காலைல கூடைய எறக்கி வெச்சா. எதுக்க பாத்தா. அப்டியே குந்திட்டா. ஒரு சத்தம் கெடயாது. ஒனக்குப் போன் போட்டுகினே இருந்தா. சுச்சாப், சுச்சாப்னே வந்துச்சி. 'புள்ளைக்கு மொதல்லயே தெரிஞ்சிடுச்சி பொன்னி, எங்கிட்ட சொல்ல பயந்துகினு எடுக்க மாட்றான்'னா. எனக்குக் கொலயே நடுங்கிச்சி. லாஞ்சு ஓனருக்குப் போட்டா, வயர்லெஸ்ல ரெண்டு நாளா பேச்சு இல்ல, வந்துடுவாங்கன்றான். அப்பால மருந்துக் கட பொண்ணு வந்து படிச்சிச்சி. இது யாரோ கதிரேசனாம், உங்க ஆளு இல்லம்மான்னு சொல்லிச்சி. அப்பதான் அழுதா."

தப்பித்தோம் என்று தோன்றியது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அப்பா இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு நொடி, ஒரே நொடி, அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அழுது முடிச்சி எழுந்தா பாரு ஒரு ஆத்திரம்," என்றாள் பொன்னியம்மாள். "எம் புருஷன் கடல்ல கீறப்ப அவரு மூஞ்சிய எடுத்துச் சாவு நோட்டீசுல ஒட்டினவன் எவனோ, அவன் வெளங்க மாட்டான், அவன் வூட்ல வெளக்கெரியாது, அவனப் பெத்தவ வாயில மண்ணு வுழ, அப்டின்னு நடுரோட்ல நின்னுகினு மண்ண வாரித் தூத்திட்டா. மூணு வாட்டி. நான் கைய புடிச்சேன், வுடல."

எங்கள் பக்கத்தில் மண் வாரித் தூற்றுவது சும்மா கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. பெண்கள் வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு தடவை செய்வார்கள். தூற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புவதில்லை என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என் கண் தரையில் அந்த மண்ணைத் தேடியது.

அம்மா சாலையைக் கடந்து வந்தாள். கைநகமெல்லாம் பசையும் சுண்ணாம்பும். முந்தானையை மடித்து ஏதோ பொத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து முகம், தோள், கை என்று தடவினாள், நான் முழுசாக இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி.

"வந்துட்டியா மகேசு? இன்னாடா ஆச்சு உன் போனுக்கு? ஒண்ணும் இல்லடா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பயந்துக்காத. இங்க பாரு எவனோ பண்ண வேலய." முந்தானையைத் திறந்து காட்டினாள். ஈரமாக, கசங்கி, ஒட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அப்பா. "நம்ப வூட்ல கூட உங்கப்பாவுக்கு இப்டி ஒரு போட்டோ இல்லடா. அவரு மொகம் அப்டியே கீது. எங்கேர்ந்து புடிச்சானோ பாவி."

ஷெர்வின் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஆன்ட்டி, அது வந்து... நான்தான். என்னோட ஐடியாதான்..."

அவன் எனக்காக அதைச் சுமக்கப் பார்த்தான். நான் ஒப்புக்கொண்டு நின்றிருக்கலாம். அம்மா அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அவன் வாங்கிக்கொண்டிருப்பான், நான் நல்ல பிள்ளையாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்த மண் அவன் வீட்டு வாசலுக்குப் போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. நம்பாதவனுக்கு எப்படி வந்ததோ.

"அவன் இல்லம்மா," என்றேன். "நான்தான். அந்தப் போட்டோ நான் எடுத்தது. காலேஜுக்கு ஒரு படம் எடுக்கறதுக்கு நான்தான் குடுத்தேன். போஸ்டர் அடிச்சது நான்தான்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திரும்பிப் பொன்னியம்மாளைப் பார்த்தாள். பொன்னியம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் கோபமே இல்லை. அவள் நின்ற இடத்தில் தன் காலடி மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பயத்தை நான் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. காலையில் அந்தப் போஸ்டரைப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"நீ இல்ல," என்றாள்.

"நான்தாம்மா..."

"நீ இல்லடா. நீ பண்ணியிருக்க மாட்ட. யாரோ பண்ணது." என் வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். அவள் கை என் கைமேல் இரும்பாக இருந்தது. "எந் தலைல அடிச்சி சொல்லு, நீ பண்ணலன்னு. எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஒருவர் தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் கேடு அந்தத் தலைக்கு. குப்பத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். நான் பொய்தான் சொல்லப்போகிறேன் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் கேட்டாள். பிள்ளைமேல் விட்ட சாபத்தைத் தன் தலைக்குத் திருப்பிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

கூட்டம் கூடிவிட்டது. ஷெர்வினும் கோகிலவாணியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சொல்லுடா தம்பி, பெத்தவ கேக்கறா இல்ல?" என்று யாரோ சொன்னார்கள். இந்த மூன்று வருடத்தில் நான் சொல்லாத பொய்யா? ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நேற்றுச் சாயங்காலம் அப்பாவையே பெரியப்பா ஆக்கியிருக்கிறேன். அம்மாவின் தலைமுடி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. 'நான் பண்ணல', இரண்டே வார்த்தைதான்.

கையைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் மறுபடி எட்டிப் பிடித்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எதையோ திருடி ஒளித்த சின்னப் பையன் நிற்பது போலத்தான் நின்றேன்.

"சொல்ல மாட்டேன். நான்தான் பண்ணேன். என் மேலயே இருக்கட்டும்மா," என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அது எங்கப்பா. பேரு தாமோதரன். திங்கக்கிழம வந்துடுவாரு."

அப்போதுதான் அடித்தாள். முகத்தில், தோளில், கண்ட இடத்தில் அடித்தாள். முந்தானை அவிழ்ந்து ஈரக் காகிதங்கள் கீழே கொட்டின. கோகிலவாணி கேமராப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, ஒன்றுகூட மிதிபடாமல், அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அடித்துக் களைத்த பிறகு அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்படியே கூடையருகில் உட்கார்ந்தாள். நானும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. சட்டையை அவள் விடவில்லை.

"நீ காலேஜுக்கும் போவ வேணாம், எங்கயும் போவ வேணாம்," என்றாள். "அவரு கரையேறற வரைக்கும் என் கண்ணு முன்னாடியே குந்து. ஒருத்தர கடல்ல வுட்டாலே எனக்குத் தூக்கம் கெடயாது. ரெண்டு பேர வுட்டுட்டு நான் எப்டிடா இருப்பேன்?"